உளி முனையும் தேசத் தொழிலும்

நமது தேசத்தில் யந்திரத் தொழில் பெருக வேண்டுமென்று பேசாத அரசியல் மேடை இல்லை. தொழிற்சாலைக்கு நிலம் எவ்வளவு, மின்சாரம் என்ன விலை, வரிச் சலுகை எத்தனை வருஷம், அந்நிய மூலதனம் எத்தனை கோடி என்பனவற்றைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் ஓயாமல் நடைபெறுகின்றன. இவை வேண்டாத விஷயங்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால், தொழிற்சாலைக்குள் புகுந்து, சுழலும் இரும்பின்மீது உளி படுகின்ற அந்த இடத்தைக் கவனிப்போர் மிகச் சிலரே. நீர் இறைக்கும் பம்பாயினும், ரயில் சக்கரமாயினும், பீரங்கியாயினும், ஆகாய விமானத்தின் எஞ்சினாயினும், அதன் உலோக உறுப்புக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்டத்தில் கடைசல் யந்திரத்திலோ துளையிடும் யந்திரத்திலோ வெட்டப்பட்டே உருப்பெறுகின்றன. ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படிகள் முடிகின்றன, அவை ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமுமின்றி அமைகின்றனவா என்பவற்றை நிர்ணயிப்பது நெல்மணியளவே உள்ள அவ்விடமேயாம். அவ்விடத்தைப் பற்றிய ஆராய்ச்சி எந்த தேசத்தில் நடந்தது, அதன் பயன் எந்த தேசத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்னும் வரலாறு, ராஜீய வேலையில் ஈடுபட்டுள்ள நமது நேயர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், ஆராய்ச்சி செய்தவன் ஒருவனாகவும் அதன் பலனை அடைந்தவன் வேறொருவனாகவும் இருப்பது இவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்கின்றது.

1880-ம் வருஷம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த மிட்வேல் உருக்காலையில் பிரெடரிக் டேலர் என்னும் இளைஞர் கடைசல் பட்டறைக்குத் தலைமை வகித்து வந்தார். ஒரு நாளில் ஒரு தொழிலாளி எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பது பற்றி அவருக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஓயாத சச்சரவு. சச்சரவின் நடுவே அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. உளியை என்ன வேகத்தில் ஓட்டலாம், எத்தனை ஆழம் வெட்டலாம் என்பது தொழிலாளிக்கும் நிச்சயமாகத் தெரியாது, தமக்கும் தெரியாது. ஆலைத் தலைவர் வில்லியம் ஸெல்லர்ஸின் அனுமதி பெற்றுப் பரீக்ஷைகளை ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கிய வேலை 26 வருஷம் நீடித்தது. 1906-ல் அமெரிக்க யந்திர எஞ்சினீயர்கள் சங்கத்தின் தலைவராக அவர் நிகழ்த்திய நீண்ட பிரசங்கத்தில் அதன் கணக்கு வெளியாயிற்று. குறித்து வைக்கப்பட்ட பரீக்ஷைகள் 30,000-க்கும் 50,000-க்கும் இடையில். சீவலாக்கப்பட்ட இரும்பும் உருக்கும் 8 லக்ஷம் ராத்தல். செலவு ஒன்றரை லக்ஷம் முதல் இரண்டு லக்ஷம் டாலர் வரை. உலோகத்தின் கடினம், உளியின் ரசாயனச் சேர்க்கை, முனையின் வடிவம், வெட்டின் ஆழம் முதலிய 12 அம்சங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்றும், மற்றவற்றை அசையாமல் நிறுத்தி ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் ஒவ்வொன்றின் விதியும் தெரியும் என்றும் அவர் கண்டார்.

அந்த விதிகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லுவோம். வேகத்தைக் கூட்டினால் உளி சீக்கிரம் மழுங்கும் என்பது யாவருக்கும் தெரியும். எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் எவருக்கும் தெரியாதிருந்தது. டேலர் கண்ட கணக்கின்படி, அவர் காலத்து உருக்கு உளியின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் அதன் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகின்றது. ஆகவே, சற்று அவசரப்பட்டவனுக்கு உளியைச் சாணை பிடிப்பதிலேயே பொழுது போகும். அஞ்சி மெதுவாக ஓட்டுபவனுக்கோ யந்திரம் சும்மா நிற்பதற்குச் சமானம். இவ்விரண்டுக்கும் நடுவில், உருப்படி ஒன்றுக்குச் செலவு மிகக் குறைவாக விழும் வேகம் ஒன்று உண்டு. அது ஊகத்தால் அகப்படுவதன்று. அந்த வேகத்தை அறிந்தவன் அதே யந்திரத்தையும் அதே ஆளையும் கொண்டு அடுத்த பட்டறைக்காரனை விடக் குறைந்த விலைக்கு விற்கலாம். போட்டியில் ஜயம் என்று பத்திரிகைகளில் பெரிதாக எழுதப்படுவதன் உட்பொருள் பெரும்பாலும் இத்தகைய சிறு கணக்குகளின் கூட்டமேயாகும்.

வேகத்துக்கு எல்லை வகுப்பது உஷ்ணம். வெட்டு விழும் இடத்தில் பிறக்கும் சூட்டில் பெரும் பங்கைச் சீவலே எடுத்துச் சென்றுவிடுகிறது. எஞ்சிய பங்கு உளியின் முனையில் தங்கி அதை இளக்குகிறது. வெட்டும் இடத்தின்மீது தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் வேகத்தை நூற்றுக்கு நாற்பது வரை கூட்டலாம் என்று டேலர் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார். மிட்வேலில் 1884-ல் கட்டிய புதிய பட்டறையில் யந்திரந்தோறும் தண்ணீர்க் குழாய் வைக்கப்பட்டது. அது ரகசியமன்று, வேடிக்கை பார்க்க வந்தவர் எவரும் கண்ணால் காணும்படியே இருந்தது. அப்படியிருந்தும், 1899-ல் பெத்லெஹெம் உருக்காலை அதைக் கைக்கொள்ளும் வரையில், மிட்வேலிலிருந்து பிரிந்து சென்றோர் நடத்திய ஒரு சிறு ஆலையைத் தவிர வேறொருவரும் பின்பற்றவில்லையென்று டேலரே வியந்து எழுதியிருக்கிறார். தண்ணீர் பாய்ச்சுவதற்கே பதினைந்து வருஷம்! ஆராய்ச்சி வெளியாகிவிட்டால் அது தானே பரவிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பெத்லெஹெமில் டேலரும் மான்ஸெல் ஒயிட் என்பவரும் சேர்ந்து செய்த வேலை இன்னும் பெரிது. இங்கிலாந்தில் ராபர்ட் மஷெட் 1868-ல் டங்ஸ்டன் சேர்த்த உருக்கைச் செய்திருந்தார். அவ்வகை உருக்கை ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் காய்ச்சினால் கெட்டுவிடும் என்பது உலைக்களத்தாரின் பரம்பரை நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்யுமன்று, அச்சூட்டில் அது கெடத்தான் செய்தது. ஆனால், அதையும் கடந்து, ஏறக்குறைய உருகும் நிலை வரை காய்ச்சிப் பார்த்தபோது, உளி முன்னிலும் பன்மடங்கு உறுதி பெற்றது. 1900-ம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சியில், முனை செந்நிறமாகப் பழுத்த நிலையிலும் மழுங்காமல் அவ்வுளி இரும்பைச் சீவியெறிந்ததை ஐரோப்பிய எஞ்சினீயர்கள் பார்த்துத் திகைத்து நின்றனர். வேகம் முன்னிருந்ததைப் போல் இரண்டு மூன்று மடங்காயிற்று. பழைய யந்திரங்கள் அந்த வேகத்தையும் பளுவையும் தாங்கவில்லை. அதிர்ந்தன, பற்சக்கரங்கள் முறிந்தன. உளி மாறியதால் யந்திரத்தின் அமைப்பே மாறவேண்டி வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். டேலரின் பெயரைக் கேட்டதும் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் முகம் சுளிப்பது நியாயமே. உலோகத்தை அளந்த அதே கண்ணால் மனிதனையும் அளக்கத் துணிந்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கணக்கிடும் முறையை அவர் பரப்பினார். 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை நடத்தி, பின்னர் 1915-ல் ஆயுதச்சாலைகளில் அக்கடிகார முறைக்குத் தடை விதித்தது. அத்தடை சரியானதே. உளியை ஆராய்வதற்கும் தொழிலாளியைக் கசக்குவதற்கும் அவசியமான சம்பந்தம் யாதொன்றுமில்லை. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதற்காக முதலாவதை நாம் தள்ளிவிட வேண்டியதுமில்லை.

டேலரின் கூட்டத்தில் கார்ல் பார்த் என்று ஒரு கணித நிபுணர் இருந்தார். பன்னிரண்டு அம்சங்களையும் சேர்த்துக் கணக்கிடுவது கல்லூரி ஆசிரியருக்கே கஷ்டம். பார்த் அந்தக் கணக்கு முழுவதையும் நகரும் அளவுகோல் ஒன்றில் அடக்கிவிட்டார். கணித சாஸ்திரம் அறியாத பட்டறைக்காரனும் அதைத் தள்ளிப் பார்த்து அரை நிமிஷத்துக்குள் சரியான வேகத்தைத் தெரிந்துகொள்ளலாம். 26 வருஷ ஆராய்ச்சியில் நம் மனத்தைக் கவர்வது இந்த மரக்கோலே. நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருந்த அறிவு அதன் வழியாகத்தான் பட்டறைக்காரன் கைக்கு வந்தது. ஜெர்மானியர்களும் இதன் மர்மத்தை விரைவில் உணர்ந்தனர். ஆகென் நகரத்து உயர்தரத் தொழிற் கலாசாலையில் 1906-ல் யந்திரக் கருவி ஆராய்ச்சிச்சாலை ஏற்பட்டது. அதை நடத்திய அடால்ப் வாலிக்ஸ், டேலரின் நூலை 1908-ல் ஜெர்மன் பாஷையில் பெயர்த்து வெளியிட்டார். அமெரிக்காவிலோ டேலர்-ஒயிட் உருக்கின் பேடண்ட் உரிமை பற்றி வழக்கு நடந்து, 1909-ல் அவ்வுரிமை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பெத்லெஹெம் ஆலைக்கு அது நஷ்டமாயினும், மற்றப் பட்டறைகளுக்கெல்லாம் கதவு திறந்தது.

கதவு அடைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கதை சாட்சி. டங்ஸ்டன் கார்பைடு என்னும் பொருள் ஜெர்மனியில் உருவாயிற்று. 1926-ல் குருப் கம்பெனி அதை ‘விடியா’ என்ற பெயரால் விற்கத் தொடங்கியது. வைரம் போன்றது என்பது அப்பெயரின் பொருள். அதிவேக உருக்கையும் தோற்கடிக்கும் கடினமுடையது அது. 1928-ல் குருப்பும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் தங்களுக்குள் சந்தையைப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. ராத்தல் ஏறத்தாழ 50 டாலராக இருந்த கார்பைடின் விலை அமெரிக்காவில் 450 டாலருக்கு மேல் ஏறிற்று! தங்கத்தைப் போலப் பொட்டலம் கட்டி வைக்க வேண்டிய உளியைச் சாதாரணப் பட்டறைக்காரன் எப்படி வாங்குவான்? ஜெர்மன் ஆலைகளில் அது பரவிக்கொண்டிருக்க, அமெரிக்க ஆலைகள் பின்தங்கின. யுத்தம் வந்த பிறகே அந்நாட்டு சர்க்கார் விழித்துக்கொண்டது. வழக்குத் தொடரப்பட்டு, 1948-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி குற்றவாளியென்று நியூயார்க்கிலுள்ள கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. விலை அதற்கு முன்பே வீழ்ந்துவிட்டது. விஞ்ஞானம் மாறவில்லை, ஓர் ஒப்பந்தக் காகிதம் மட்டுமே குறுக்கே நின்றது என்பதை நேயர்கள் கவனிக்க.

இனி, யுத்தத்துக்குப் பிந்திய காலத்துக்கு வருவோம். மிச்சிகன் மாகாணத்து ஜான் பார்ஸன்ஸ் என்பவர், ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கு வேண்டிய வளைவுகளை எண்களின் கட்டளையால் யந்திரமே வெட்டும்படி செய்யலாம் என்று யோசனை கூறினார். அமெரிக்க ஆகாயப் படை 1949-ல் பணம் கொடுத்தது. மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலை ஆராய்ச்சியை ஏற்றது. 1952-ல் எண்களால் ஆளப்பட்ட மில்லிங் யந்திரம் ஓடிற்று. அபாரமான சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், ஆகாயப் படைக்கு வேண்டியது ஆகாய விமானம். அதற்கேற்ப யந்திரங்களும் அவற்றுக்குக் கட்டளை எழுதும் பாஷையும் மிகச் சிக்கலாக வளர்ந்தன. படையே நூற்றுக்கு மேற்பட்ட யந்திரங்களை வாங்கி விமானக் கம்பெனிகளில் நிறுவிற்று. பத்து ஆட்களை வைத்து நடத்தும் பட்டறைக்காரனைப் பற்றி அங்கே நினைப்பார் இல்லை.

ஜப்பானில் நினைத்தார்கள். 1956-ல் அந்நாட்டு சர்க்கார் குறிப்பிட்ட யந்திரத் தொழில்களை வளர்ப்பதற்கென்றே தனிச் சட்டம் செய்து, குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தது. அதே காலத்தில் புஜிட்ஸு கம்பெனியில் ஸெயுமோன் இனாபா என்ற எஞ்சினீயரின் தலைமையில் ஒரு சிறு கூட்டம் எண் கட்டளை ஆராய்ச்சியில் இறங்கிற்று. அக்கூட்டம் 1972-ல் ஃபானுக் என்னும் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. மலிவானது, எளிதில் பழுதடையாதது, பல கம்பெனிகளின் யந்திரங்களுக்கும் பொருந்துவது என்ற முறையில் கட்டளைப் பெட்டிகளை அது செய்து குவித்தது. சிற்றூர்ப் பட்டறைகளிலும் அவை நுழைந்தன. 1982-ல் ஜப்பான் அமெரிக்காவை முந்தி, யந்திரக் கருவி உற்பத்தியில் உலகின் முதலிடத்தைப் பெற்று, 2008 வரை விடாமல் வகித்தது. 2009-ல் அவ்விடம் சீனாவுக்குப் போயிற்று. டாலரின் மதிப்பு உயர்ந்திருந்ததும், தொழிலறியாத பெருமுதலாளிக் கூட்டங்கள் பழைய அமெரிக்கக் கம்பெனிகளை வாங்கிக் கவனியாமல் விட்டதும் அமெரிக்காவின் வீழ்ச்சிக்குத் துணை புரிந்தன என்பது மெய்யே. எனினும், கண்டுபிடித்தவர்கள் தங்கள் சந்தையைக் காத்துக்கொள்ள 1986-ல் ஜப்பானோடும் தைவானோடும் ஒப்பந்தம் பேசி ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்க நேர்ந்தது. அதே வருஷம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் ஃபானுக்கோடு கூட்டுச் சேர்ந்தது.

நம் நாட்டின் நிலைமை யாது? சுதந்திரம் வந்த சில வருஷங்களுக்குள்ளேயே, 1953-ல், ஸ்விட்ஸர்லாந்து ஓர்லிக்கன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஸ்தாபிக்கப்பட்டது. யந்திரங்களைப் பெறுகின்ற தாய் யந்திரங்கள் சொந்தமாக வேண்டும் என்று அக்காலத்துத் தலைவர்கள் கண்டுகொண்டது அவர்களுடைய தீர்க்கதரிசனத்துக்கு அத்தாட்சி. 1962-ல் அதே நகரில் மத்திய யந்திரக் கருவி ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. இந்த நாட்டில் கடைசல் வேலை கற்ற எத்தனையோ பேர் எச்.எம்.டி. யந்திரத்தில்தான் கை பழகினார்கள். பின்னர் அந்த ஸ்தாபனம் கடிகாரம், டிராக்டர் என்று பல துறைகளில் கை வைத்து, எண் கட்டளை யந்திரங்களின் யுகம் வந்தபோது பின்தங்கி, நஷ்டத்தில் ஆழ்ந்தது. அதன் கடிகாரத் தொழிலும் டிராக்டர் தொழிலும் 2016-ல் மூடப்பட்டன. தனியார் துறையில் கோயமுத்தூர் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் 1988 முதல் எண் கட்டளை யந்திரங்கள் செய்கிறது. ராஜ்கோட்டு ஜ்யோதி கம்பெனி 2007-ல் பிரான்ஸ் தேசத்து ஹ்யூரோன் கம்பெனியை விலைக்கே வாங்கிற்று. இவை பெருமைக்குரியவை. ஆயினும், நம் நாடு வாங்கும் யந்திரக் கருவிகளில் மதிப்புக் கணக்கில் ஏறத்தாழப் பாதி இன்றும் வெளிநாடுகளிலிருந்து வருகின்றது. இங்கே செய்யும் யந்திரத்திலும் அதன் மூளையாகிய கட்டளைப் பெட்டி பெரும்பாலும் ஜப்பானுடையது அல்லது ஜெர்மனியுடையது. கார்பைடுக்கு வேண்டிய டங்ஸ்டனோ, உலக உற்பத்தியில் பத்தில் எட்டுப் பங்கு சீனாவின் கையில் இருக்கின்றது. 2025 பிப்ரவரியில் அந்நாடு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்துவிட்டது.

ஆராய்ச்சி நம்மிடம் இல்லாமலில்லை. தேச வருமானத்தில் நூற்றுக்கு 0.64 பங்குதான் எல்லா விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவாகிறது என்பது வெட்கப்பட வேண்டியதே. தென் கொரியா நூற்றுக்கு ஐந்தை ஒட்டிச் செலவிடுகின்றது. இருந்தும், உலோகம் வெட்டுவதைப் பற்றி நமது கலாசாலைகளிலிருந்து வருஷந்தோறும் கட்டுரைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றில் பல அந்நிய தேசத்துச் சஞ்சிகைகளில் அச்சாகி, ஆசிரியருக்கு உத்தியோக உயர்வைத் தேடித் தந்து, அவ்வளவோடு நின்றுவிடுகின்றன. கோயமுத்தூர்ப் பட்டறையில் பம்பின் உறையைக் கடைபவனை எடுத்துக்கொள்வோம். அவன் கையிலுள்ளது உள்ளூர் வார்ப்பிரும்பு. வார்ப்பின் மேற்றோலில் மணல் ஒட்டியிருக்கும். தோல் கடினமாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும். இந்த வாரத்து வார்ப்பு போன வாரத்து வார்ப்பைப் போலிராது. அவனுக்கு வேகம் சொல்லுவது பெரும்பாலும் ஸ்வீடனிலோ ஜப்பானிலோ உளி செய்த கம்பெனியின் விலைப்பட்டியல். அந்தப் பட்டியல் அவ்விடத்து இரும்பை வெட்டிப் பார்த்து எழுதியது. மேலும், உளி விற்பவன் எழுதியது. ஆகவே அவன் சாத்திரத்தை விட்டு அனுபவத்தை நம்பி, உளி உடையாத அளவுக்கு மெதுவாக ஓட்டுகிறான். லக்ஷக்கணக்கில் கடன் வாங்கிப் போட்ட யந்திரம் தன் சக்தியில் ஒரு பங்கைச் சும்மா இருந்து கழிக்கின்றது. அந்த நஷ்டம் எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை.

பாரத சர்க்கார் 2014-ல் தொடங்கிய மூலதன யந்திரத் திட்டத்தில், கம்பெனிகளும் செலவில் பங்கேற்றுக் கலாசாலைகளோடு சேர்ந்து ஆராயும் ஏற்பாடு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்கென ஒரு கேந்திரமும் நடக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு அது உதவும். சிறு பட்டறைகளுக்கு வேண்டியது வேறு. கோயமுத்தூர், ராஜ்கோட், லூதியானா, பெங்களூர் ஆகிய கேந்திரங்களில் அந்தந்த ஊர் இரும்பையும் உருக்கையும் வெட்டிப் பார்த்து, இன்ன உலோகத்துக்கு இன்ன உளி, இன்ன வேகம், உருப்படிக்கு இன்ன செலவு என்று அளந்து எழுதும் பரீக்ஷைச் சாலைகளை மத்திய நிலையமும் தொழிற் சங்கங்களும் கூடி நடத்த வேண்டும். யந்திரங்கள் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அவ்வூர்த் தொழிற் கல்லூரிகளில் அவை ஏற்கெனவே நிற்கின்றன, வருஷத்தில் பாதி நாள் ஓடாமலும் நிற்கின்றன. கிடைக்கும் அட்டவணைகளை ஆண்டுக்கொருமுறை திருத்தித் தமிழிலும், குஜராத்தியிலும், பஞ்சாபியிலும், கன்னடத்திலும் அச்சிட்டு, யந்திரத்தின் பக்கத்தில் மாட்டி வைக்கும்படி வழங்கலாம். எண்ணெய்க் கறை பட்டாலும் அழியாத அட்டையில் அச்சிட வேண்டும் என்பதும் நமது யோசனை. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் தொழில் மான்யத்தின்மீது பேச எழும் நமது பிரதிநிதிகள், சென்ற வருஷம் எத்தனை கட்டுரைகள் வெளியாயின என்று கேட்பதோடு, எத்தனை பட்டறைகளில் வேகம் மாறிற்று என்றும் மந்திரிகளைக் கேட்பார்களா?